பீலித் தண்ணியும் ரொட்டி மாவும்



இலக்கியத் தொடர் ஒன்றிலே ரொட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்ற வாரங்களில் இதே நேரத்தில் காப்பியங்களைப் பற்றியும் நாட்டார் பாடல்களைப் பற்றியும் கேட்டிருந்த உங்களுக்கு இது சற்று இறக்கமாகத் தோன்றலாம். ஆயினும், புறநானூற்றிலே குடபுலவியனார் என்னும் புலவர் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை கூறுமிடத்து, உணவென்பது மண்ணும் நீரும் கூடிய கூட்டந்தான் என்ற பொருள்படப் பேசி, நாட்டிலே நீர்நிலைகளை உண்டாக்கு என்கிறார். அரசவையிலே பேசிய விடயத்தை வானொலியிலே பேசக்கூடாதா என்ற துணிவில் தொடங்குகிறேன்.

சென்ற ஆடி மாதம் பூனாகலையிலே எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. பண்டாரவளைக்கும் கொஸ்லாந்தைக்கும் இடையிலே, மலை வளைவுகளில் ஏறியிறங்கிச் செல்லும் பாதையில் உள்ள ஊர் பூனாகலை. நான் இந்துக் கல்லூரியொன்றிலே தமிழ் கற்பிக்கிறேன். பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன் என்ற வகைக்குள் வருகிறவன். நகரத்திலே வாடகை வீடு. அம்மா மட்டும் இன்றும் அந்தப் பழைய லயத்துக் காம்பிராவை விட்டு வர மறுக்கிறார். திருவிழாவென்றால் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லோரும் அங்கே கூடிவிடுவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையொன்றில் பதினொரு பேர் எப்படிப் படுத்துறங்குவது என்பது தனிக் கலை. அதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம்.

அக்காவின் மகன் கொழும்பிலே ஒரு பீட்சாக் கடையில் வேலை செய்கிறான். மா உருட்டுவதும் அடுப்பில் வைத்து எடுப்பதும் அவன் தொழில். திருவிழாவுக்கு வந்திருந்தவன், விடிகாலையில் இஸ்தோப்பிலே குந்தியிருந்து அம்மா சுட்ட ரொட்டியைக் கட்டச்சம்பலோடு தின்றுகொண்டே, “மாமா, நியூயோர்க் பீட்சாவுக்கு ஏன் அவ்வளவு பேர் தெரியுமா? அந்த ஊர்த் தண்ணியாம். வேற எந்த ஊர்லயும் அந்த ஓரம் அப்படி மொறுமொறுப்பா வராதாம். எங்க கடையில மேலதிகாரி சொன்னாரு” என்றான். அடுப்படியிலிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே, “இதத்தான உங்க பெரிய தாத்தா கோத்தகிரியில இருந்து எழுதுனாரு” என்றார். அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்தப் பேச்சுப் பிறந்தது.

முதலிலே பீட்சாக்காரர்களின் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியிலே நேப்பிள்ஸ் நகரத்தார், பீட்சா எங்களுடையது, மற்றவையெல்லாம் போலி என்பார்கள். அதைக் காப்பதற்கென்றே 1984இல் ஒரு சங்கம் அமைத்து, மா எப்படி இருக்கவேண்டும், எத்தனை மணித்தியாலம் புளிக்கவேண்டும், விறகடுப்பின் சூடு எவ்வளவு, அடுப்பிலே எத்தனை விநாடி என்றெல்லாம் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடவேண்டுமாம். 2017இல் அவர்களது கைத்திறனை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்துக்கொண்டது. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களோ நியூயோர்க்கிலே நிலக்கரி அடுப்பு வைத்து மெல்லிய பீட்சா சுட்டார்கள். பக்கத்திலே நியூ ஹேவன் என்ற நகரம், எங்களுடையதே சிறந்தது என்றது. சிக்காகோவிலே 1943 அளவில் ஆழமான தட்டிலே பணியாரம் போல ஒன்றைச் செய்து அதையும் பீட்சா என்றார்கள்; நியூயோர்க்காரருக்கு அதைக் கண்டால் ஆகாது. இந்தச் சண்டையின் நடுவிலேதான் தண்ணீர் வருகிறது. கட்ஸ்கில் மலைகளிலிருந்து நூறு மைலுக்கும் மேலாகக் குழாய்களில் ஓடிவரும் அந்த நகரத்துத் தண்ணீர் இல்லாமல் அந்த ஓரம் வராது என்று சொல்வோர் பலர். தூர ஊர்களிலே கடை வைத்திருக்கும் சிலர், நியூயோர்க் தண்ணீரிலே உள்ள உப்புக்களின் அளவுக்கு உள்ளூர்த் தண்ணீரை மாற்றித் தரும் இயந்திரங்களையே வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு நாம் சிரிக்கவேண்டியதில்லை. நமக்கு இது பழைய கதை. திருநெல்வேலி அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று தமிழ்நாட்டிலே குழந்தையும் சொல்லும். அதே ஆள், அதே கோதுமை, அதே நெய்யைக் கொண்டுபோய்ச் சென்னையிலே கிண்டினாலும் அந்தப் பதம் வராது என்பார்கள். கும்பகோணம் காப்பிக்குக் காவேரித் தண்ணீர். மணப்பாறை முறுக்குக்கு அந்த ஊர்த் தண்ணீரிலுள்ள இலேசான உப்புக் கரிப்பு. அந்த முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. திண்டுக்கல்லிலே பிரியாணிக்குக்கூடத் தண்ணீரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஊரின் பெயரை உணவு சுமப்பது போல நம்முடைய எழுத்தாளர்களும் சுமந்தார்கள். பதுளை மாவட்டத்துத் தெளிவத்தைத் தோட்டத்திலே பணியாற்றிய ஜோசப், அந்தத் தோட்டத்தின் பெயரோடுதான் 2022இல் மறையும்வரை தமிழ் இலக்கியத்திலே நின்றார்.

எங்கள் தோட்டத்துச் சண்டைக்கு வருகிறேன். மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு. மேல் டிவிசனுக்கு ஒரு பீலி, கீழ் டிவிசனுக்கு ஒரு பீலி. பீலி என்பதை நகரத்து நேயர்களுக்குச் சொல்லவேண்டும். மலையிடுக்கிலே கசியும் ஊற்றை ஒரு மூங்கிற் பிளவாலோ தகரத்தாலோ குழாயாலோ ஏந்தி, வாளி வைத்துப் பிடிக்கத்தக்கதாக விழச்செய்வது பீலி. குளிப்பதும் துவைப்பதும் குடிநீர் பிடிப்பதும் வம்பளப்பதும் அங்கேதான். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் பீலியில்தான் விசாரிப்பார்கள். “எங்க பீலித் தண்ணியில பெசஞ்சா ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கும்; கீழ்ப் பீலித் தண்ணி வெறகுக் கட்ட” என்று மேல் டிவிசன்காரர்கள் சொல்வார்கள். கீழ் டிவிசன்காரர்களோ, “அவுங்க குளிச்ச தண்ணிதான் எங்களுக்கு வருதுன்னு நெனப்பு. எங்க ஊத்து வேற, அவுங்க ஊத்து வேற” என்று சண்டைக்கு வருவார்கள். கரப்பந்தாட்டப் போட்டியிலே தோற்ற அணியைத் தண்ணீரைச் சொல்லித்தான் கேலி செய்வோம். நான் மேல் டிவிசன். ஆகையால் இந்த விடயத்தில் நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

2002ஆம் ஆண்டு ஏ-9 பாதை திறந்தபின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தின் பெயரும் திருநெல்வேலி. எங்கள் அப்பாயியின் முன்னோர் புறப்பட்டு வந்ததோ தமிழ்நாட்டுத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து. “போன ஊருக்கே திரும்பிப் போறான்” என்று அப்பாயி எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார். இரண்டும் ஒன்றல்ல என்று நான் விளக்கவில்லை.

அங்கே ஒரு வீட்டின் பின்னறையிலே மூவர் தங்கியிருந்தோம். ஒருவன் திக்கோயாக்காரன். மாதக் கடைசியிலே காசு தீர்ந்ததும் ரொட்டிதான். நான் பிசைந்து சுடுவேன். சூட்டோடு தின்றால் தாங்கலாம். பத்து நிமிடம் ஆறினால் ஓடு. திக்கோயாக்காரன் தான் சுடுவதாகச் சொல்லி முயன்றான். அவனுடையது அதைவிடக் கடினம். “எங்க ஊரு தண்ணின்னா காட்டியிருப்பேன்” என்றான் அவன். “ஊவாத் தண்ணிகிட்ட உங்க ஊர்த் தண்ணி நிக்குமா?” என்றேன் நான். வீட்டுக்கார அன்ரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தம்பியவை, எங்கடை கிணத்துத் தண்ணியைப் பழி சொல்லாதேங்கோ. இந்தத் தண்ணியிலை குழைச்ச புட்டு மாதிரி உங்கடை மலையிலை ஒருக்கா அவிச்சுக் காட்டுங்கோ பாப்பம்” என்றார். அவர் தந்த புட்டை உண்ட வாயால் மறுத்துப் பேச முடியவில்லை.

ஒரு விடுமுறை முடிந்து திரும்புகையில் எங்கள் பீலியிலிருந்து இரண்டு பெரிய போத்தல்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன். பூனாகலையிலிருந்து பண்டாரவளை, அங்கிருந்து கண்டி, வவுனியா, ஓமந்தைச் சோதனைச் சாவடி. “போத்தலிலே என்ன?” என்று கேட்டபோது “தண்ணி” என்றேன். “குடி” என்றார்கள். குடித்துக் காட்டினேன். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோன தண்ணீரிலே பிசைந்து சுட்ட ரொட்டியும் பத்து நிமிடத்தில் ஓடாகவே போயிற்று. போத்தலிலே அடைத்ததனால் தண்ணீரின் குணம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தோம். பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் சேர்ந்து செய்த முடிவு அது!

இவ்வளவு பிடிவாதம் ஏனென்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அந்நாளிலே படித்த ஒருவர், நல்லவர்தான், வேடிக்கையாகப் பேசுகிறோம் என்ற எண்ணத்திலே, “தோட்டக்காட்டானுக்கு ரொட்டியும் சம்பலும் இருந்தால் போதும்” என்று ஒரு சபையிலே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவே ரொட்டி சுட்டு, அது எப்பேர்ப்பட்ட உணவு என்று அந்த வீட்டாருக்குக் காட்ட நினைத்தேன். சரியாக வரவில்லை. தண்ணீர் மேலே பழியைப் போட்டேன்.

ரொட்டி நம்முடைய ஆதி உணவு என்று நான் சொல்ல வரவில்லை. தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்குச் சோறும் கூழுந்தான் பழக்கம். 1942இலே பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்து, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது, பங்கீட்டிலே கோதுமை மா பெரிதாக உள்ளே நுழைந்தது. அதன் பின்பு அது போகவில்லை. மலிவு, வயிற்றிலே நெடுநேரம் நிற்கும், பொட்டலமாகக் கட்டி மலைக்குக் கொண்டுபோகலாம். நேப்பிள்ஸ் நகரத்துத் தெருக்களிலும் பீட்சா கூலிக்காரர்களின் உணவாகத்தான் இருந்தது.

இனி விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் தமிழாசிரியன், எங்கள் கல்லூரி இரசாயனவியல் ஆசிரியர் சொல்லித் தந்ததைத்தான் சொல்கிறேன். தண்ணீரிலே கரைந்துள்ள கல்சியமும் மக்னீசியமும் கூடினால் அது வன்னீர், குறைந்தால் மென்னீர். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக் கல். மழைநீர் அதிலே ஊறிக் கிணற்றுக்கு வருவதால் வன்னீர். கேத்தலின் அடியிலே வெள்ளையாகப் படிவது அதுதான். எங்கள் மலைகளிலே பெரும்பாலும் எளிதிற் கரையாத பாறை. ஆகவே ஊற்று நீர் மென்னீர். கோதுமை மாவிலே தண்ணீர் பட்டதும் குளூட்டன் என்ற பசைப் புரதம் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. தண்ணீரிலுள்ள உப்புக்கள் அந்த வலையை இறுக்கும். மிக மென்மையான தண்ணீரென்றால் மா கையிலே ஒட்டும், தளரும். மிக வன்மையென்றால் இறுகும், புளிப்பதும் மெதுவாகும். எனவே தண்ணீருக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பங்கு சிறிது. மாவின் வகை, பிசையும் விதம், ஊறும் நேரம், அடுப்பின் சூடு ஆகியவற்றின் முன்னே அது கைப்பிடி உப்பைப் போன்றது. இன்னொரு வேடிக்கை: நியூயோர்க்கின் புகழ்பெற்ற தண்ணீரும் மலையிலிருந்து வரும் மென்னீர்தான். அப்படிப் பார்த்தால் எங்கள் பீலித் தண்ணீரும் அதுவும் ஒரே சாதி.

தேநீரின் கதை வேறு. அதிலே மறைந்துகொள்ள மாவும் இல்லை, நெய்யும் இல்லை. இலையும் தண்ணீரும் மட்டுமே. வன்னீரிலே சாயம் மங்கிக் கறுத்து மேலே ஆடை படியும், மணம் அடங்கிப்போகும். இதைக் காசாக்கத் தெரிந்தவர் லிப்டன். 1890இல் இலங்கைக்கு வந்து எங்கள் பக்கத்து மலையான தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியவர். அவர் உட்கார்ந்து தமது தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மலையுச்சிக்கு இன்றும் உல்லாசப் பயணிகள் ஏறுகிறார்கள். அந்த மனிதர் பிரித்தானியாவிலே ஒவ்வொரு நகரத்துத் தண்ணீருக்கும் பொருந்தக்கூடியதாகத் தேயிலையைக் கலந்து, உங்கள் ஊர்த் தண்ணீருக்கென்றே செய்த தேயிலை என்று விளம்பரம் செய்து விற்றார். இலண்டன் தண்ணீருக்கு ஒரு கலவை, ஸ்கொட்லாந்துத் தண்ணீருக்கு இன்னொன்று. கடல் கடந்த நகரங்களின் தண்ணீருக்கெல்லாம் அவ்வளவு மதிப்பு. கொழுந்து பறித்தவர்களின் லயத்துக்கு அன்று குழாய் கிடையாது.

சரி, பெரிய மாமாவின் கடிதத்துக்கு வருகிறேன். அம்மாவின் மூத்த அண்ணன் அவர். 1964இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியப் பிரசையாகி, எழுபதுகளின் பிற்பகுதியிலே தலைமன்னாரிலே கப்பலேறினார். நீலகிரியிலே, கோத்தகிரிப் பக்கத்திலே, தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு நடத்திய தேயிலைத் தோட்டத்திலே வேலை. அவருடைய முதற் கடிதத்தை அம்மா இன்னும் தகரப் பெட்டியிலே வைத்திருக்கிறார். அன்று அதை எடுத்து நான் வாசித்தேன். சுகம் விசாரிப்பு, குளிர், சம்பளம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியிலே எழுதியிருக்கிறார்: இங்குள்ள தண்ணிக்கு ரொட்டி சரியாக வருவதில்லை, உன் மதினி எவ்வளவு பிசைந்தாலும் நம் பீலித் தண்ணி போல இல்லை, அம்மாவிடம் சொல்லு.

நீலகிரியும் மலைதான். அங்குள்ள ஊற்றும் மென்னீராகத்தான் இருக்கவேண்டும். மாவும் கோதுமை மாதான். ரொட்டிக்கல்லைக்கூட அவர் இங்கிருந்து கொண்டுபோனார் என்று அம்மா சொல்கிறார். ஊரைவிட்டுப் போகிறவன் கல்லைக் கொண்டுபோகலாம், உரலைக் கொண்டுபோகலாம், மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு போகலாம். கொண்டுபோக முடியாத பொருள் தண்ணீர் ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ இல்லாமற்போன எல்லாவற்றுக்கும் அதன் பெயரையே வைக்கிறோம். இத்தாலியிலிருந்து நியூயோர்க்குக்குப் போனவர்களும், நியூயோர்க்கிலிருந்து வெயில் காயும் ஊர்களுக்குப் போனவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கடிதத்தை வாசித்து முடித்ததும் அக்காவின் மகன் எழுந்தான். “அம்மாயி, இன்னைக்கே பாத்துருவோம்” என்றான். திருவிழாவுக்கு வாங்கி வந்திருந்த போத்தல் தண்ணீரிலே ஒரு பங்கு, பீலித் தண்ணீரிலே ஒரு பங்கு. ஒரே மா, ஒரே உப்பு, அளந்து போட்ட தேங்காய்ப்பூ. இரண்டையும் அவனே பிசைந்து, அவனே தட்டி, அவனே சுட்டான். அம்மாவைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச்செய்து மாறிமாறிக் கையிலே கொடுத்தோம். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலிலே கூடிவிட்டார்கள். அம்மா ஒன்றிலே ஒரு கிள்ளு, மற்றதிலே ஒரு கிள்ளு மென்று பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுமே அவசரத்துல பெசஞ்சது” என்றார்.

பீட்சாக் கடைக்காரனுக்கு முகம் விழுந்துவிட்டது. நான் கேட்டேன்: “அப்ப காலையில நீங்க சுட்டது?”

“நான் எப்படா காலையில பெசஞ்சேன்? ராவே பெசஞ்சு வச்சிருவேன்.”

நாற்பத்தைந்து வயதிலே நான் முதன்முறையாகக் கேள்விப்பட்ட செய்தி இது. என் பிள்ளைப் பருவம் முழுவதும் அந்த ரொட்டியைத் தின்று வளர்ந்தவன் நான். அது எப்போது பிசையப்பட்டது என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் அது பிசையப்படும்போது நான் தூங்கிவிட்டிருப்பேன், சுடப்படும்போதும் தூங்கிக்கொண்டிருப்பேன்.

அம்மா சொன்னதை வரிசைப்படுத்திச் சொல்கிறேன். மாலையிலே கொழுந்து நிறுத்து முடித்து, பிள்ளைக்காம்பிராவிலிருந்து கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வரும் வழியிலே ஒரு கட்டு மிலாறு பொறுக்கி, பீலியிலே வரிசையிலே நின்று தண்ணீர் பிடித்து, இராச்சோறு ஆக்கி எல்லோருக்கும் போட்டு முடிக்க ஒன்பது மணியாகிவிடும். மிலாறு என்பது கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் சுள்ளி. சடசடவென்று எரிந்து நல்ல சூடு கொடுக்கும். காலையிலே பெரட்டுக்கு நேரம் தவறினால் அன்றைய வேலை இல்லை. நான்கு மணிக்கு எழுந்து மா பிசைய நேரமும் கிடையாது, அந்தக் குளிரிலே விரலும் மடங்காது. ஆகவே இரவே பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, அடுப்புக்கு எட்டவாக ஒரு மூலையிலே வைத்துவிடுவது. தேங்காய்ப்பூ மட்டும் காலையில்தான். இரவே போட்டால் சலித்துப்போகும். “கைய கழுவுற தண்ணியிலதான் கண்ணு மூடும்” என்றார். அவ்வளவு அசதியாம்.

அக்காவின் மகன் வாயைப் பிளந்தான். “மாமா, எங்க கடையிலயும் அதான். மாவ உருட்டிக் குளிர்ப்பெட்டியில ஒரு நாள், ரெண்டு நாள் வச்சுத்தான் எடுப்போம். நியூயோர்க்லயும் அப்படித்தானாம்.” இரவு முழுவதும் குளிரிலே கிடக்கும் மாவிலே பசைவலை தானாகவே பின்னித் தளர்ந்துகொள்கிறது, மாச்சத்து சிறிது சர்க்கரையாகிறது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சிறு புளிப்பை ஏற்றுகின்றன. சுட்டால் நிறம் ஏறும். ஆறினாலும் மென்மை நிற்கும். பூனாகலையின் இரவுக் குளிர் இருக்கையிலே குளிர்ப்பெட்டி எதற்கு? திருநெல்வேலி அல்வாவிலும் இதே சங்கதிதான் என்று பின்னர் எண்ணினேன். கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, அந்தப் பாலைத் தெளியவைத்து, அப்புறம் மணிக்கணக்கிலே கிண்டுகிறார்கள். எல்லாப் புகழையும் தாமிரபரணி எடுத்துக்கொள்கிறது.

“இதை ஏம்மா யாருக்கும் சொல்லல?” என்று கேட்டேன். “யாரு கேட்டா?” என்றார். பிறகு சிறிது நேரம் கழித்து, “எங்க அண்ணன் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவரு தண்ணின்னு எழுதிட்டாரு” என்றார். கோத்தகிரியிலே மதினி அத்தைக்கு வேலை பிந்தித் தொடங்கியதாம். காலையிலே பிசைய நேரம் கிடைத்திருக்கிறது. அதுதான் காரணமாக இருக்கும் என்பது அம்மாவின் ஊகம். மாமா இப்போது இல்லை. கேட்டுத் தெளிய வழியில்லை.

அம்மாவின் பேச்சு பின்பு 1974க்குப் போய்விட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே உலகச் சந்தையிலே விலையேறி, நாட்டிலே அரிசியும் மாவும் அருகி, தோட்டங்களிலே மக்கள் பசியால் மாண்டதைப் பெரியவர்கள் அறிவீர்கள். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடும்பம் குடும்பமாக நடந்தவர்கள் பலர். அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கூப்பனுக்குக் கிடைத்த மாவிலே கீரையையும் காட்டுக் கிழங்கையும் சேர்த்துப் பிசைந்ததாகச் சொன்னார். அதுவும் இல்லாத நாட்களும் உண்டு. “அப்பயும் அதே பீலி, அதே தண்ணிதான். தண்ணி மட்டுந்தான் இருந்துச்சு” என்றார். வாசலிலே நின்ற பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த பஞ்சம் 2022. மாவின் விலை முந்திய ஆண்டைவிட மூன்று மடங்குக்கு மேலே போய், ரொட்டி உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிய ஆண்டு.

தண்ணீரும் இப்போது பழைய தண்ணீர் இல்லை. ஆடி மாதத்துக் கச்சான் காற்று ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் காற்று. அந்த வறட்சியில்தான் இலையிலே அந்தத் தனி மணம் ஊறும் என்பார்கள். அதே காற்றிலே பீலி நூலாகிவிடும். இது எப்போதும் உள்ளது. ஆனால் 2014ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பண்டாரவளைப் பக்கத்து ஊர்களிலே வேறொன்று நடந்தது. உமாஓயாத் திட்டத்துக்காக மலையின் அடியிலே சுரங்கம் குடைந்தபோது நிலத்தடி நீர் அதற்குள்ளே பாய்ந்துவிட, மேலேயிருந்த கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின. வீடுகள் வெடித்தன. 2017இல் மக்கள் பண்டாரவளைத் தெருவிலே இறங்கினார்கள். 2024 ஏப்ரலிலே திட்டம் திறந்து வைக்கப்பட்டது. 120 மெகாவாட் மின்சாரம். அது வேண்டாமென்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் வீட்டிலும் மின்விளக்கு எரிகிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் ஊற்றின் பெயரைச் சொல்லிப் பெருமையடித்தவர்கள், பவுசர் வண்டித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். பவுசர் தண்ணீரை வைத்து எந்த ஊரும் எந்த ஊரையும் கேலி செய்ய முடியாது.

தண்ணீர் கூடினாலும் எங்களுக்கு ஆபத்துத்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை ஊறிச் சரிந்து லயங்களை மூடியது. அது பூனாகலைக்குப் பக்கத்து மலை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. 2023 மார்ச்சிலே எங்கள் பூனாகலைக் கபரகலையிலும் மண் சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. மழை பெய்யும் இரவுகளிலே அம்மா இப்போதும் மா பிசைந்து வைக்கிறார். ஆனால் தூங்குவதில்லை. மலை சத்தம் போடுகிறதா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகப் பக்கத்துக் காம்பிரா அத்தை சொன்னார். நகரத்துக்கு வாருங்கள் என்று மீண்டும் அழைத்தேன். “அங்க பைப்புத் தண்ணி” என்றார். தண்ணீர் காரணமில்லை என்று அன்று காலையில்தான் தம் வாயாலேயே தீர்ப்புச் சொன்னவர்!

திருவிழா முடிந்து அக்காவின் மகன் கொழும்புக்குப் புறப்பட்ட முதல்நாள் இரவு, ஒன்பது மணிக்கு மேல், “அம்மாயி, இன்னைக்கு நான் பெசையிறேன், நீங்க சொல்லுங்க” என்று உட்கார்ந்தான். குடத்திலே தண்ணீர் போதவில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு நானும் அவனும் பீலிக்குப் போனோம். ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. பீலி நூல்போல விழுந்தது. ஒரு வாளி நிறைய இருபது நிமிடம் எடுத்தது. கீழ் டிவிசன்காரர் ஒருவரும் அங்கே வாளியோடு நின்றார். அவர்களுடைய பீலி போன கிழமையே நின்றுவிட்டதாம். அவரை முதலிலே பிடிக்கச் சொன்னோம்.